விசா மறுப்புக் கடிதம் வந்ததும் அப்பீலுக்கு ஓடாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு மறுப்புக் கடிதத்தை நீட்டினான். பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்கப் போட்ட மாணவர் விசா. நான் பிரிப்பதற்குள், "அப்பீலுக்குப் பணம் கட்டியாச்சுண்ணா" என்றான். கடிதத்தை முழுதாகப் படித்தாயா என்றால், ஏஜென்ட் படித்தாராம்.

விஷயம் ஒரே பத்தியில் இருந்தது. படிப்புக் கட்டண பாக்கியும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். அந்த 28இன் கடைசி நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். சித்தப்பா கணக்கில் பணம் இருந்தது. நடுவில் 5ஆம் தேதி டிராக்டர் லோன் தவணை தானாகப் போய், இருப்பு எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுநாளே அவர் கட்டி நிரப்பியிருக்கிறார். ஒரு நாள்தானே என்று நமக்குத் தோன்றும். விதிக்கு அந்த ஒரு நாள் போதும்.

அவன் அப்பீல் என்றது மறுபரிசீலனையைத்தான். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்கள் பிரிட்டனிடம் அதைக் கேட்க 28 நாள் அவகாசம், கட்டணம் 80 பவுண்டு. ஆனால் அதிகாரி தவறு செய்தாரா என்று மட்டுமே அதில் பார்ப்பார்கள். புது ஸ்டேட்மெண்டைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். நீங்கள் கொடுத்த ஒரு பக்கத்தை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். இவன் விஷயத்தில் அவர் சரியாகத்தான் பார்த்திருந்தார். அப்புறம் எதைத் திருத்துவது? பணத்தை மறுபடி 28 நாள் வைத்து, பல்கலைக்கழகத்திடம் புது சி.ஏ.எஸ். எண் (சேர்க்கையை உறுதிசெய்து தரும் எண்) வாங்கிப் புதிதாகப் போடுவதுதான் வழி. பழைய எண் ஒருமுறைக்குத்தான். புது விண்ணப்பம் போட்டால் நிலுவையில் உள்ள மறுபரிசீலனையும் ரத்தாகிவிடும். இதெல்லாம் புரிவதற்குள் செப்டம்பர் சேர்க்கை முடிந்துவிட்டது.

நம் பக்கத்தில் தாய்மாமனோ பெரியப்பாவோ "நான் பார்த்துக்கறேன்" என்று பாஸ்புக்கோடு வந்து நிற்பார்கள். பிரிட்டனுக்கு அது செல்லாது. அவர்கள் தரும் பணம் மாணவர் கணக்குக்கோ பெற்றோர் கணக்குக்கோ வந்து 28 நாள் கிடக்க வேண்டும். அப்பா கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவருடைய ஒப்புதல் கடிதமும் வேண்டும். இங்கேதான் இனிஷியல் தொல்லை. பாஸ்புக்கில் கோ. முனுசாமி, சான்றிதழில் வெறும் முனுசாமி. ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லா நாட்டுக்கும் ஒரே அப்பீல் கிடையாது. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1, படித்து முடித்து ஊர் திரும்புவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராமல் 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் அப்பீலே இல்லை. 185 டாலர் மறுபடி கட்டி மறுபடி நேர்காணல்தான். நிலைமையோ பதிலோ மாறாமல், அடுத்த வாரமே காட்பாடியில் ரயிலேறி சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கம் அமெரிக்கத் தூதரகத்தில் போய் நிற்பதால் என்ன மாறப்போகிறது? கூடுதல் காகிதம் கேட்டு நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு வேறு, கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். கனடா மறுத்தால் இருப்பது அங்குள்ள ஃபெடரல் கோர்ட், வெளிநாட்டிலிருந்து என்றால் 60 நாளுக்குள் போக வேண்டும். ஜெர்மனிக்கு ஆட்சேபக் கடிதம் எழுதச் சொல்லும் பழைய யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த முறையை 1 ஜூலை 2025 முதல் நிறுத்திவிட்டார்கள். இனி புது விண்ணப்பம், இல்லையென்றால் பெர்லினில் வழக்கு.

"ஸ்டேட்மெண்ட் செட்டப் பண்ணித் தர்றேன்" என்பவரிடம் மட்டும் போகவே வேண்டாம். போலி ஆவணம் பிடிபட்டால் பிரிட்டனில் 10 ஆண்டு, கனடாவில் 5 ஆண்டு கதவு சாத்திவிடும். முந்தைய மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் மறைப்பதும் அதே ரகம்தான். கேட்ட இடத்தில் 'ஆம்' என்று போட்டு, என்ன சரிசெய்தீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள்.

தம்பி ஜனவரியில் போய்ச் சேர்ந்தான். சித்தப்பா டிராக்டர் தவணையை வேறு கணக்குக்கு மாற்றிய பிறகுதான் அந்த 28 நாளை எண்ண ஆரம்பித்தார்.