திருச்சிக்குக் குடிபெயரும் முன்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர எண்ணுவோர் வாடகைக் குறைவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மத்திய அரசு ஊழியருக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமாக இருக்கும் வீட்டு வாடகைப்படி, திருச்சியில் 20 சதவீதமாகக் குறையும்; பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கோ வாடகைப்படிக்கான வரிவிலக்கின் வரம்பும் சம்பளத்தில் 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக இறங்கும். ஆகவே, கைக்கு வரும் சம்பளத்தை முதலில் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

பெல் நிறுவனமும் நவல்பட்டுத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இருந்தாலும், இப்போதைய வேலை பறிபோனால் அதே சம்பளத்தில் இன்னொன்று உள்ளூரிலேயே கிடைக்குமா என்பதே உண்மையான கேள்வி. வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்றுவிடுவதால் மாதம் ஓரிரு முறை சென்னை அலுவலகத்துக்குப் போய்வரலாம்; வாரந்தோறும் என்றால் உடம்பு தாங்காது. மார்கழியில் எந்த ஊரும் இனிக்கும் என்பதால், சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்த்த பின்னரே சென்னை வீட்டைக் காலி செய்யலாம்.