பைக்கோடு எல்லை கடக்க வெளிக்கிடுகிறவர்களுக்கு

எங்களுக்குத் தரை எல்லையே இல்லை, சுற்றிவரக் கடல்தான், பிறகு என்ன எல்லை கடக்கிற கதை என்று கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தலைமன்னாரில் நின்றால் எதிரே தனுஷ்கோடி, ஆனால் 1964 புயலோடு அந்தத் துறை போய்விட்டது. இப்போது ஓடுகிற காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலும் ஆட்களைத்தான் ஏற்றும், பைக்கை ஏற்றாது. ஆகவே வழி இரண்டு. சொந்த பைக்கைக் கொழும்பில் கொள்கலனில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பலாம், அல்லது இந்தியாவில் வாடகைக்கு எடுத்து நேபாளம் போகலாம். முதல் தடவை என்றால் இரண்டாவதுதான் கைக்கு அடக்கம். காசைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அலைச்சலும் குறைவு.

எந்த வழியானாலும் வேலை உங்கள் பெயரில்தான் தொடங்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் வெறும் முதலெழுத்து, வாகனப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி. இங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லையில் இருக்கிற அலுவலருக்கு அது மூன்று வேறு ஆட்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே இதைச் சரிசெய்யுங்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் வகுப்பையும் பாருங்கள்: ஏ1 என்றால் 100 சிசி வரைக்கும்தான். அதை வைத்துக்கொண்டு 350 சிசி புல்லட்டில் ஏறினால், விபத்து நடக்கிற நாளில் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார். வகுப்பு சரி என்றால், கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள்.

சொந்த பைக்கைக் கொண்டுபோகிறவர்களுக்குக் கார்னே என்ற புத்தகம் வேண்டும். அதைப் பைக்கின் கடவுச்சீட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் என்று போகிற பாதைக்கு இதுதான் திறப்பு. ஒரு வருடம் செல்லும். பைக்கை வெளிநாட்டில் விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்குப் பிணையாக ஒரு தொகை கட்டவேண்டும், அது பைக்கின் பெறுமதியையும் போகிற நாடுகளையும் பொறுத்தது. ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. உள்ளே போகும்போது சுங்கத்தார் ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியே வரும்போது இன்னொன்றை, மூன்றாவது அடிக்கட்டையாகப் புத்தகத்திலேயே நிற்கும். அந்த அடிக்கட்டையில் உள்வந்த முத்திரையும் வெளிப்போன முத்திரையும் இரண்டும் விழவேண்டும். வெளிப்போன முத்திரை இல்லாவிட்டால் பைக் இன்னும் அந்த நாட்டிலேயே இருக்கிறது என்று கணக்கு, வரி கேட்டுக் கடிதம் வரும், பிணைப்பணம் போய்விடும். எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள், பூச்சியத்தை ஓ என்று அடித்துவிடுவார்கள். பைக் லீசிங்கில் இருந்தால் இதெல்லாம் பிறகு. வாகனப் புத்தகம் லீசிங் கம்பனியிடம்தானே இருக்கிறது, முதலில் அவர்களின் சம்மதக் கடிதம்.

வாடகை பைக்கில் கார்னே தேவையில்லை. ஆனால் கடைக்காரரிடம் நேபாளம் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிலர் மறுப்பார்கள், மறுத்தால் வேறு கடை. பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, புகைச் சான்றிதழ், காப்புறுதி, பைக்கை இந்த நபர் நேபாளத்துக்குக் கொண்டுபோகலாம் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம், இவ்வளவும் கையில் வேண்டும். கடிதத்தில் உங்கள் கடவுச்சீட்டு எண் இருப்பது நல்லது. இந்தியக் காப்புறுதியில் கூடுதல் பணம் கட்டி நேபாளத்தையும் சேர்க்கலாம், சேர்த்திருக்கிறதா என்று பத்திரத்தைப் பார்த்துக் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். இந்திய விசாவும் ஒரு தடவைக்கு மேல் உள்ளே வர இடம் தருவதாக இருக்கவேண்டும். திரும்பி வரப்போவது தரைவழி என்பதால், அந்தச் சாவடியால் வர உங்கள் விசா விடுமா என்பதையும் விண்ணப்பிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இனி எல்லை. உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர் பக்கமிருந்து போனால் எல்லை ஊர் சோனௌலி. இந்தியருக்கும் நேபாளியருக்கும் விசா தேவையில்லை, சனம் சந்தைக்குப் போவது மாதிரிப் போய்வருகிறது. ஆபத்தே அதில்தான். எங்கள் முகத்தைப் பார்த்து இந்தியர் என்று நினைத்து, போ போ என்று கையைக் காட்டிவிடுவார்கள். நானும் அப்படியே எல்லை வாசல் வளைவைத் தாண்டி நேபாளத்துக்குள் போய், சிம் கார்டு வாங்க நின்ற இடத்தில்தான் நெஞ்சு திக்கென்றது: கடவுச்சீட்டில் இந்தியாவை விட்டு வெளியேறிய முத்திரை இல்லை. திரும்பி வந்து தேடினால், கடைகளுக்கு நடுவே ஒதுங்கி இருந்தது குடிவரவு அலுவலகம். முழுக்க என் பிழை.

வன்னி ஆட்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு, இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவே இருந்த ஓமந்தைச் சாவடியில் அப்பாவின் எம்டி 90 பைக்கின் தாங்கியில் இருந்தபடி நான் பார்த்ததும் இதுதானே. அந்தப் பக்கம் ஒரு பதிவு, நடுவில் செஞ்சிலுவைக்காரர், இந்தப் பக்கம் இன்னொரு பதிவு. ஆளுக்கு ஒரு வரிசை, வாகனத்துக்கு ஒரு வரிசை. ஒன்று முடிந்ததால் மற்றதும் முடிந்தது என்று அப்பா ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆகவே, முதலில் இந்தியக் குடிவரவில் வெளியேறும் முத்திரை. பிறகு நேபாளக் குடிவரவில் விசா, சார்க் என்ற தெற்காசியக் கூட்டு நாட்டவரான எங்களுக்கு ஆண்டின் முதல் தடவை 30 நாள் இலவசம். அதற்கப்புறம் பைக்குக்குப் பன்சார், அதாவது சுங்கத்தில் நாள்கணக்கில் கட்டுகிற அனுமதி. நினைத்ததை விட இரண்டு நாள் கூட்டிக் கட்டுங்கள், மலைப்பாதையில் மண்சரிவு எப்போது மறிக்கும் என்று சொல்ல முடியாது. சீட்டில் தேதி நேபாள ஆண்டில் இருக்கும், எங்கள் கணக்கை விட 56, 57 ஆண்டு கூட. முடிகிற நாள் எது என்று அங்கேயே கேட்டு ஆங்கிலத் தேதியைச் சீட்டின் பின்னால் எழுதுங்கள். மணிக்கூட்டையும் 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் ஐந்து போட்டோ கொப்பி, நாலைந்து படம், நூறு ரூபாய்த் தாள்கள், ஒரு பேனை. பேனை கேட்டு வரிசையில் நின்றால் யாரும் தரமாட்டார்கள். திரும்பும்போது பன்சார் சீட்டைச் சுங்கத்தில் காட்டி முடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் குடிவரவுக்குப் போங்கள். பின்னேரம் பிந்திப் போகவேண்டாம், கேற் திறந்திருந்தாலும் சீல் வைக்கிறவர் வீட்டுக்குப் போயிருப்பார்.