புழுவெட்டில் முடி திரும்புமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தோல் நோய்ப் பிரிவில் முதுநிலை மாணவர்கள் எழுதும் கேஸ் ஷீட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் பார்ப்பேன். நான் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் அதே இடத்தில் இருக்கும். படர்தாமரையையும் புழுவெட்டையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சிகிச்சைக்கு யாருக்கு முடி வரும், யாருக்கு வராது என்று சொல்வதில்தான் நாம் நோயாளியைக் கெடுக்கிறோம்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வது

இந்தக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதிவைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நோய் முதலில் தொடங்கி எத்தனை வருடம் என்பது ஒன்று. இந்தமுறை கொட்டத் தொடங்கி எத்தனை நாள் என்பது வேறு. பலனைக் கணிக்க முக்கியமாகத் தேவைப்படுவது இரண்டாவது. புழுவெட்டுக்குக் கொடுக்கும் பாரிசிடினிப் என்ற மாத்திரையைச் சோதித்த பிரேவ் ஆய்வுகளில், இப்போதைய சுற்று நான்கு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு அதைத் தாண்டியவர்களைவிடத் தெளிவாக அதிகம் முடி வந்தது. எட்டு வருடமாக ஒரு முடிகூடத் திரும்பாதவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை.

இது தெரிவதற்கு முன், இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் வந்தார். பாதித் தலைக்கு மேல் போயிருந்தது. "பதினொரு வருஷமா இருக்கு டாக்டர்" என்றார். பதினொன்று என்று எழுதினேன். "இத்தனை வருஷம் ஆனதுக்கு மாத்திரை கேட்காதும்மா, விக் பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது புருவம், இமை எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தேன். படத்தில் தோளைத் தாண்டிய பின்னல். கீழே வேலையில் சேர்ந்த தேதி: என்னிடம் முதலில் வந்ததற்குப் பதினாலு மாதம் முன்பு. பத்தாம் வகுப்பில் ஒரு வட்டம் வந்து போயிருக்கிறது, நடுவில் இன்னொன்று, பிறகு முழுத் தலைமுடி. அன்று அவருடைய சுற்றுக்கு வயது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதே கார்டு அன்றும் அவர் கழுத்தில் தொங்கியிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. இப்போது நான்கு வருடக் கோட்டைத் தாண்டிவிட்டார். மாத்திரை கொடுத்தோம். ஒன்பது மாதத்தில் வந்தது வெறும் பூனைமுடி.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "கடைசியா தலை நிறைய முடி இருந்தது எப்போ? அப்போ எடுத்த போட்டோ இருக்கா?" போனில், கல்யாண ஆல்பத்தில், ஹால் டிக்கெட்டில் எங்கேயாவது இருக்கும். தேதியோடு எழுதுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சதவீதம் சொல்வது

அந்த ஆய்வுகளில் தினமும் 4 மி.கி. எடுத்தவர்களில் 36-வது வாரத்தில் தலையின் 80 சதவீதமாவது முடியால் மூடியவர்கள், முதல் ஆய்வில் 38.8 சதவீதம், இரண்டாவதில் 35.9. மருந்தில்லா மாத்திரைக்கு 6.2, 3.3. பாதி போனவரும் முழுக்கப் போனவரும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறார்கள். சால்ட் ஸ்கோர், அதாவது தலையில் எத்தனை சதவீதம் முடி போயிருக்கிறது என்ற கணக்கு, 95-க்கு மேல் இருப்பவரிடம் இதைச் சொன்னால் பொய்யான நம்பிக்கை கொடுக்கிறீர்கள். அந்த ஸ்கோரையும் கண்ணளவில் போடாதீர்கள். உச்சந்தலைக்கு 40, பின்தலைக்கு 24, பக்கத்துக்கு 18 வீதம் என்று பிரித்துப் போடுங்கள்.

மூன்றாம் மாதமே "மருந்து கேட்கவில்லை" என்று எழுதுவது

ஆய்வில் முக்கியமாக அளந்ததே ஒன்பதாம் மாதம் வாக்கில்தான். அதற்குப் பிறகும் 52-வது வாரம் வரை புதிதாக முடி வந்தவர்கள் இருந்தார்கள்.

சின்ன வட்டத்தை வைத்துக் கணிப்பது

ஒன்றிரண்டு காசளவு வட்டம் ஒரு வருடத்துக்குள் பலருக்குத் தானாகவே மூடிவிடும். வட்டத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டதால்தான் முடி வந்தது, அடுத்தமுறையும் ஊசிக்கு வரும் என்று உறுதி சொல்லாதீர்கள்.

நகத்தையும் பிடரியையும் பார்க்காமல் விடுவது

நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள், காதுக்கு மேலிருந்து பிடரிவரை பாம்பு வளைந்த மாதிரி வழுக்கை. இரண்டும் கெட்ட அறிகுறி.

முடி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது

பெரும்பாலோருக்குத் திரும்பக் கொட்டும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் போட்டோ எடுக்காதது

மறந்துவிட்டால் மாத்திரையை மறுநாள் தொடங்குங்கள்.