ஹப்-ஸ்போக் விபிஎன்னில் ரூட்டிங்: கிளைக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

ஹப் என்பது நடுவில் இருக்கும் ரவுட்டர், கிளைகள் (ஸ்போக்) எல்லாம் விபிஎன் டன்னல் வழியாக அதோடு இணைகின்றன. நாலைந்து கிளைகள்தான் என்றால் கையால் எழுதி வைக்கும் ஸ்டாட்டிக் ரூட்டே போதும், வீணாகத் தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டாம். இருபது முப்பது என்று ஏறி, புதுக் கிளை வரும்போதெல்லாம் ரவுட்டர் ரவுட்டராக ஏறி இறங்குகிறீர்கள் என்றால் ரவுட்டர்களே ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் டைனமிக் ரூட்டிங்குக்கு மாறுங்கள்.

முதல் வேலை ஐபி திட்டம். கிளைகள் எல்லாம் 10.20.0.0/16 என்ற பெரிய முகவரித் தொகுதிக்குள், அதிலிருந்து கிளைக்கு ஒரு சின்னத் தொகுதி, /24. இப்படி வைத்தால் ஹப் அந்த ஒற்றை /16-ஐ மட்டும் அறிவித்தால் போதும், எங்கோ ஒரு கிளையின் லைன் விழுந்து எழுந்தாலும் மற்றக் கிளைகளுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் புரோட்டோகால், அதாவது ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை. பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் இரண்டில் நான் பிஜிபி பக்கம். ஓஎஸ்பிஎஃப்-இல் ஒரே ஏரியாவுக்குள் (ரவுட்டர் குழுவுக்குள்) இருக்கும் எல்லா ரவுட்டரும் முழுப் படத்தையும் சுமந்தாக வேண்டும், பிஜிபியிலோ யாரிடம் எதைச் சொல்வது என்பது ஹப்பின் கையில் இருக்கிறது. ஐபிஜிபி (எல்லா ரவுட்டரும் ஒரே ஏஎஸ் எண்ணில், அதாவது ஒரே நெட்வொர்க் எண்ணில் இருக்கும் பிஜிபி) போட்டு, கிளைகளின் தனித்தனி ரூட்டும் மற்றவர்களுக்குப் போக வேண்டுமென்றால் ஹப்பை ரூட் ரிஃப்ளெக்டராக்குங்கள், அப்போதுதான் ஒரு கிளை சொன்னதை அது மற்றக் கிளைகளுக்குச் சொல்லும். அந்த /16 சுருக்க ரூட் மட்டும் என்றால் அதுகூட வேண்டாம். ஹோல்டு டைமர், அதாவது எதிர்முனையிடமிருந்து எதுவும் வராமல் பிஜிபி காத்திருக்கும் நேரம், பல ரவுட்டர்களில் 180 நொடி, அதாவது லைன் செத்து மூன்று நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. குறையுங்கள், அல்லது லைன் விழுந்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிஎஃப்டி போடுங்கள்.

நான் ஒரு ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்ட இடம் இது. ஹப்பின் பொது முகவரி 203.0.113.1 என்று வைத்துக்கொள்வோம். ஹப் டன்னல் வழியாக டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பாதை) அனுப்ப, இன்டர்நெட் லைனில் டிஎச்சிபி மூலம் தானாக வந்த பழைய டிஃபால்ட்டைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொண்டது. கிளை இப்போது 203.0.113.1-க்கே டன்னலுக்குள் வழி தேடுகிறது! டன்னல் விழும், ரூட் போகும், டன்னல் எழும், ரூட் திரும்ப வரும், மறுபடி விழும். லாகில் நிமிடத்துக்கு நிமிடம் இதே கூத்து. 203.0.113.1/32-க்கு இன்டர்நெட் கேட்வே வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் போட்டால் நிற்கும், கேட்வே மாறிக்கொண்டே இருக்கும் லைன் என்றால் வான் இன்டர்ஃபேஸை (இன்டர்நெட் பக்கத்து போர்ட்டை) தனி விஆர்எஃப்-இல், அதாவது தனி ரூட்டிங் டேபிளில், வையுங்கள், அதுதான் சுத்தமான வழி.

பிஜிபி செஷன் எழுந்து, ரூட் மட்டும் வராமல், ஹோல்டு டைமர் முடிந்து விழுந்தால் எம்டியூவை (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவை) பாருங்கள். சின்ன பாக்கெட் போய்விடும், பெரிய அப்டேட் சிக்கிக்கொள்ளும். ஜிஆர்இ-ஐபிசெக் (குறியாக்கம் செய்த) டன்னலில் எம்டியூ 1400 பைட், டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் அளவு) 1360 பைட் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு ஹப் என்றால் கிளையில் பிஜிபியின் லோக்கல் பிரிஃபரன்ஸ் (அதிக எண் உள்ள பாதைக்கே முன்னுரிமை) முதல் ஹப்புக்கு 200, அடுத்ததற்கு 100. திரும்பி வரும் போக்குவரத்தும் அதே ஹப் வழியாக வருகிறதா என்று பாருங்கள், ஃபயர்வால் நடுவில் இருந்தால் கட்டாயம். மாறுகிறதா என்று சோதிக்க, பிங் ஓடவிட்டு, முதல் ஹப்பின் கேபிளை உருவுங்கள்.