லண்டன் பென்சனில் யாழ்ப்பாணத்தில் வாழ: இருபது வருடத்துக்கான பட்ஜெட் போடும் முறை

இந்தக் கணக்கை நான் இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை 2022 டிசம்பரில், லண்டன் வீட்டுக் குசினி மேசையில். இரண்டாவது தடவை 2023 ஜனவரியில், விமான டிக்கெட்டின் திகதியை மாற்றிய அன்று. முதல் கணக்கில் பிழை ஒரேயொரு வரியில்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி மிச்சக் கணக்கு முழுவதையும் பொய்யாக்கிவிட்டது. நான் இடறிய இடத்தில் நீங்களும் இடறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் வேலைசெய்து தேசியக் காப்புறுதி (அரச பென்சனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் கட்டணம்) கட்டியவர்கள், அரச பென்சனும் கொஞ்சச் சேமிப்பும் கையில் இருக்க, இலங்கையில் வந்து குடியேற நினைத்தால் இது உங்களுக்கு. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கும் பென்சன் பகுதி அப்படியே பொருந்தும். வீசா, இரட்டைப் பிரஜாவுரிமை பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. முன்னாள் இலங்கைப் பிரஜைகள் 55 வயது தாண்டியிருந்தால் வயதை வைத்தே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: உங்கள் பென்சன் எவ்வளவு என்று பாருங்கள்

பிரித்தானிய அரச இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால் பென்சன் மதிப்பீடு வரும். முழுப் புதிய பென்சனுக்கு (2016 ஏப்ரல் 6 தொடக்கம் பென்சன் வயதை எட்டியவர்களுக்கு உரியது) பொதுவாக 35 வருடக் கட்டணம் வேண்டும். 10 வருடத்துக்குக் குறைந்தால் ஒன்றும் வராது. இடையில் வருடங்கள் விடுபட்டிருந்தால், காசு கட்டி நிரப்ப முடியுமா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குத் தவறு பலருக்கும் வருகிறது. பென்சன் 4 கிழமைக்கு ஒரு தடவை வரும். அதை மாதச் சம்பளம் மாதிரி 12ஆல் பெருக்காதீர்கள், வருடத்துக்கு 13 தடவை வரும். கிழமைத் தொகையை 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால்தான் சரியான மாதத் தொகை கிடைக்கும்.

படி 2: பென்சன் உறைந்துபோகும் என்பதைக் கணக்கில் எழுதுங்கள்

நான் இடறியது இங்கேதான். ஆறுதலாக வாசியுங்கள்.

பிரித்தானியாவில் இருக்கும் வரை அரச பென்சன் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். விலைவாசி ஏற்றம், சம்பள ஏற்றம், 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது பெரிதோ அந்த அளவுக்கு. அதனால் நானும் எனது முதல் கணக்கில் வருடத்துக்கு 2.5 வீதம் கூட்டிக்கொண்டே போனேன். குறைந்தபட்ச ஏற்றத்தைத்தானே போடுகிறேன், கவனமாகத்தான் போடுகிறேன் என்று நம்பினேன்.

பிறகு கோண்டாவிலில் இருக்கும் ஒரு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். கிணற்றுக்கு எந்த மோட்டார் நல்லது என்று கேட்கத்தான் எடுத்தது. கதைவழியில் பென்சன் பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "நான் 2016 கடைசியிலை வந்தனான் தம்பி. அண்டைக்குக் கிழமைக்கு 155 பவுண் 65 பென்ஸ். இண்டைக்கும் அதுதான். இஞ்சை இருக்கிற ஆக்களுக்குக் கூட்ட மாட்டாங்கள், உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. அன்றிரவு முழுக்க அரச இணையதளத்தை வாசித்தேன். அவர் சொன்னது உண்மை. இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் குடியேறினால், போகும்போது என்ன தொகையோ அதிலேயே பென்சன் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ அமெரிக்காவுக்கோ போனால் வருடாவருடம் கூடும். எல்லோரும் கட்டியது ஒரே காப்புறுதிதான், வித்தியாசம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதில் மட்டும். ஆனெட் கார்சன் என்ற தென்னாபிரிக்காவில் குடியேறிய பெண்மணியும் வேறு சிலரும் இதை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2010 மார்ச்சில் தீர்ப்பு அவர்களுக்குப் பாதகமாகவே வந்தது. உலகம் முழுக்க 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் இப்படி உறைந்த பென்சனில் இருக்கிறார்கள். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்றாவது சட்டம் மாறும் என்று நம்பி பட்ஜெட் போட முடியாது.

இந்த விதியால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். 2016இல் முழுப் புதிய பென்சன் 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25 ஆனது. அந்த அண்ணைக்கும் லண்டனிலேயே இருக்கும் அவருடைய வயதுக்காரருக்கும் இடையில் கிழமைக்கு 74.60 பவுண் வித்தியாசம். வருடத்துக்கு 3,879 பவுண்.

இதற்குள் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: புறப்படும் திகதி. எங்கள் டிக்கெட் 2023 பெப்ரவரிக்கு இருந்தது. அப்போது முழுப் பென்சன் 185.15. அந்த ஏப்ரலில் 10.1 வீதம் கூடி 203.85 ஆகப்போகிறது என்பது முன்னரே அறிவித்தாகிவிட்டது. பெப்ரவரியில் ஏறியிருந்தால் 185.15லேயே நின்றிருக்கும். டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்றினோம். அதற்கு விமான நிறுவனத்துக்குக் கட்டியது போக, வருடத்துக்கு 972 பவுண், சாகும் வரை. ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் புறப்பட நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஏப்ரல் ஏற்றம் கைக்கு வந்த பிறகு ஏறுங்கள்.

கணக்கில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: பென்சன் வரியில் முதல் வருடம் என்ன தொகையோ, இருபதாம் வருடமும் அதே தொகை. வேலைசெய்த இடத்துப் பென்சன் இருந்தால் அது வேறு. அது அந்தத் திட்டத்தின் விதிப்படி கூடும், தனி வரியாகப் போடுங்கள்.

படி 3: எந்த மாற்று விகிதத்தில் போடுவது

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு பவுண் சுமார் 270 ரூபா. ரூபாவைத் தளரவிட்ட பிறகு மே மாதமளவில் 440ஐத் தாண்டியது. எங்கள் வீட்டுத் திருத்த வேலைக்கு 15,000 பவுண் ஒதுக்கியிருந்தேன். 2023 பெப்ரவரியில் அது 66 இலட்சம். ஜூனில் நான் மாற்றப் போனபோது பவுண் 370 அளவுக்கு இறங்கியிருந்தது, கைக்கு வந்தது 55 இலட்சத்துச் சொச்சம். மேசனும் ஓடுகாரரும் பெப்ரவரியில் சொன்ன விலையில் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் விதி: இன்றைய விகிதத்தில் 15 வீதம் குறைத்துத்தான் பட்ஜெட். 2025 கடைசியில் பவுண் 400 ரூபாவுக்கு மேல் நின்றது, நான் 350 என்று போட்டேன். கூடுதலாக வருவது மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: செலவை எழுதுங்கள்

மூன்று மாதம் ஊரில் நின்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். செயலிகள் நான்கு பாவித்துப் பார்த்தேன், ஒன்றிலும் திருவிழா உபயம் என்ற தலைப்பு இல்லை. கொப்பியும் கூகுள் ஷீட்டும் போதும் என்பது என் முடிவு.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர். சொந்த வீடு, வாடகை இல்லை. சாப்பாடு, மீன், மரக்கறி எல்லாமாக 70,000 ரூபா. மருந்து 25,000. வளவு கூட்ட, வீட்டு வேலைக்கு வரும் பிள்ளைக்கு 20,000. பெற்றோலும் ஓட்டோவும் 15,000. கரண்ட், காஸ், இணையம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 20,000. வீட்டுத் திருத்தத்துக்கென்று மாதம் 20,000 ஒதுக்குகிறேன். பழைய ஓட்டு வீட்டுக்கு அது வேண்டும், மாரிக்கு முதல் ஒரு ஓடாவது மாற்றாமல் விடமுடியாது.

கொப்பியில் நான் முதலில் எழுதாமல் விட்டது கொண்டாட்டமும் துக்கமும். கலியாணம், சாமத்திய வீடு, குடிபூரல், அந்தியேட்டி, கோயில் உபயம், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம். ஒரு ஆவணி மாதம் மட்டும் எங்களுக்கு ஆறு கலியாண அழைப்பு வந்தது. லண்டனில் இருந்து வந்தவர்கள் என்றால் ஊர் எங்களிடம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கும். அதில் தப்பில்லை. நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் அம்மாவின் செத்தவீட்டைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள்தான். மாதம் 25,000 என்று வைத்த பிறகு என்னால் மனத்தில் கணக்குப் பார்க்காமல் கொடுக்க முடிகிறது.

மொத்தம் இரண்டு இலட்சம் அளவில் நிற்கிறது.

படி 5: இருபது வருடத்துக்கு இழுங்கள்

ஷீட்டில் ஆறு நிரல்: வருடம், வயது, பென்சன் ரூபாவில், செலவு, குறைவு, மிச்சச் சேமிப்பு. செலவை ஒவ்வொரு வருடமும் 1.06ஆல் பெருக்குங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 வீதத்துக்குப் போனதைக் கண்டவர்கள் 6 வீதம் போதாது என்பார்கள். நீண்ட கால சராசரியாக நான் வைத்திருப்பது அது, பயமிருந்தால் 8 போடுங்கள்.

என் கணக்கில் ஒருவருடைய முழுப் பென்சன் மட்டும்: கிழமைக்கு 203.85இல் உறைந்தது, அதாவது மாதம் 883 பவுண், 350 ரூபாவில் 3 இலட்சத்து 9 ஆயிரம். முதல் வருடம் செலவு போக ஒரு இலட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் பலர் கார் வாங்குகிறார்கள், மதில் கட்டுகிறார்கள். ஒன்பதாவது வருடம் செலவு பென்சனைத் தாண்டுகிறது. இருபதாம் வருடம் மாதச் செலவு 6 இலட்சம், பென்சன் அதே 3 இலட்சத்து 9 ஆயிரம். மிச்சத்தைச் சேமிப்பில் இருந்துதான் எடுக்க வேண்டும், 350 ரூபாவில் பார்த்தால் மாதம் 850 பவுண் அளவில். அப்போது எனக்கு 85 தாண்டியிருக்கும். ஆகவே முதல் எட்டு வருட மிச்சம் செலவழிக்கும் காசு இல்லை, அது பின்னால் வரும் வருடங்களின் சம்பளம்.

ரூபா விழுந்தால் இந்தப் படம் இவ்வளவு மோசமாக இராது, பவுணுக்குக் கூடுதல் ரூபா வரும். அப்படி விழாமல் போனாலும் சமாளிக்க வேண்டும் என்பதற்காகத்தான் விகிதத்தை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஏன் ஒருவர் பென்சனை மட்டும் எடுத்தேன்? புதிய அரச பென்சன் பெரும்பாலும் அவரவரோடு முடிந்துவிடும், வாழ்க்கைத்துணைக்குப் போகாது. என் மனைவியின் பென்சன் என்னுடையதில் பாதிதான். நான் முதலில் போனால் அவ அந்தப் பாதியில் வீட்டை நடத்த வேண்டும். அதற்கு ஷீட்டில் இன்னொரு பக்கம் போட்டோம். பக்கத்தில் இருந்து பார்த்து அவ ஒன்றும் பேசவில்லை, பிறகு "சேமிப்பில மூண்டில ஒரு பங்கைத் தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னா. அந்தப் பங்கை இன்றுவரை தொடவில்லை.

படி 6: சேமிப்பைப் பிரித்து வையுங்கள்

ஆறு மாதச் செலவு ரூபாவில். அடுத்த மூன்று வருடத்துக்குத் தேவையானது இங்குள்ள வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கில், பவுணாகவே. மிச்சம் பிரித்தானியாவிலேயே. 2022இல் ரூபா நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி வந்தபோது எல்லாவற்றையும் மாற்றியவர்களை அறிவேன். 2025இல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. அந்த வட்டியிலும் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். இன்னொன்று, இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். பெரிய தொகையை ஒரே வங்கியில் போடாதீர்கள்.

பென்சனை நேரே இலங்கை வங்கிக்கும் எடுக்கலாம். நான் லண்டன் கணக்குக்கே எடுத்து, தேவைப்படும்போது வைஸ் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்புகிறேன். எப்போது மாற்றுவது என்பது அப்போது என் கையில் இருக்கும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் கணக்கைச் சில வங்கிகள் மூடிவிடும், புறப்பட முதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகை, பவுணில். குடிபெயர்ந்து போனால் லண்டன் இலவச வைத்தியம் பொதுவாக இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் காசு வாங்கமாட்டார்கள், நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்கானுக்குக் காத்திருக்க முடியாத நாள் ஒன்று வரும்.

பின்சேர்க்கை 1: வாசகர் ஒருவர் கேட்டது: லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போனால் பென்சன் கூடுமா? கூடும். அங்கே நிற்கும் காலத்துக்கு நடப்பு விகிதத்தில் கேட்கலாம், நாங்களாக அறிவிக்க வேண்டும். திரும்பி வந்தால் பழைய தொகைதான். நிரந்தரமாகத் திரும்பிப் போய்விட்டால் முழுதாக நடப்புத் தொகைக்கு ஏறும்.

பின்சேர்க்கை 2: இன்னொரு அம்மாவுக்குப் பென்சன் திடீரென்று நின்றுவிட்டது. உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் படிவம் அவ முன்பு இருந்த விலாசத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் படிவம் வரும்போது, அதில் சொல்லியிருக்கும் தகுதியுள்ள ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் கொடுப்பனவை நிறுத்திவிடுவார்கள். வீடு மாறினால் அன்றே சர்வதேச ஓய்வூதிய நிலையத்துக்கு எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருப்பதால், விலாசத்தில் "கிணற்றடி மதவுக்கு எதிரே" என்றும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இதுவரை கடிதம் தவறவில்லை.