காகித டிராகனுக்குக் கண் திறப்பது

சீனப் புத்தாண்டுக்குப் பிள்ளைகளோடு டிராகன் செய்கிறீர்களா? சீன டிராகன் மழை தரும் தெய்வம், அதனால் தீ நாக்கெல்லாம் ஒட்ட வேண்டாம். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு காகிதப் பட்டைகளின் முனைகளைக் குறுக்காக ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போனால் நெளிகிற உடம்பு தயார், இரண்டு முனையிலும் ஆளுக்கொரு குச்சி.

தலைக்கு மான் கொம்பு, உடம்புக்குக் கெண்டைச் செதில். காலில் ஐந்து நகம் வரையுங்கள், சீனாவின் மிங், சிங் அரச வம்சங்களின் காலத்தில் அது பேரரசருக்கே உரியது.

கண்ணில் கருமணியை மட்டும் வரைந்துவிடாதீர்கள்! ஆட்டத்துக்கு முன் வீட்டுப் பெரியவர் தூரிகையால் சிவப்புப் புள்ளி வைக்கட்டும், அப்போதுதான் உயிர் வரும் என்பது வழக்கம், எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். அப்புறம் ஒருவர் முத்தாக ஒரு பந்தைக் குச்சியில் ஏந்தி முன்னால் ஓட, டிராகன் துரத்த வேண்டும்.