தப்பு செய்த கலைஞரை மறுபடி மேடையேற்றலாமா? முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் ஒரு நாடகக் குழு நடத்துகிறீர்கள், அல்லது ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடிக்கிறீர்கள், அல்லது ஒரு படத்துக்கு நடிகர் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் போன் வருகிறது. பாலியல் அத்துமீறலில் மாட்டி ஒதுங்கியிருந்த ஒருவருக்காக அவருடைய நண்பர் பேசுகிறார். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அவனை ஒதுக்கி வைப்பீங்க, அவனும் மனுஷன்தானே?"

போனிலேயே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் டைம் கேளுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அவர் பக்கத்தில் நின்று வேலை பார்க்கப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பார்வையாளருக்குத்தான் அது மேடை, லைட் போடுகிற பையனுக்கும் உடை மாட்டிவிடுகிற பெண்ணுக்கும் அது வேலைக்கு வருகிற இடம்.

நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்

"அந்த விவகாரம்", "ஏதோ பிரச்சினை", "அப்போ நடந்தது" என்றெல்லாம் இழுக்காமல், யார் யாரை என்ன செய்தார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். கை கூசும், கூசினாலும் எழுதுங்கள். எழுதும்போதுதான் இது புகாரா, அவரே ஒப்புக்கொண்டதா, விசாரணைக் குழு கண்டுபிடித்ததா, கோர்ட் தீர்ப்பா என்பது தெளிவாகும். நாம் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஹாலிவுட் நடிகர் கெவின் ஸ்பேஸி மீதிருந்த 9 பாலியல் குற்றச்சாட்டுகளிலும் லண்டன் நடுவர் குழு 2023 ஜூலையில் அவரை விடுவித்தது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பி விஷயம் வேறு. பாலியல் வன்கொடுமை வழக்கில் 2018-ல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பை 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணம், வழக்குப் போட மாட்டோம் என்று முந்தைய அரசு வழக்கறிஞர் கொடுத்திருந்த உறுதி. காஸ்பி தப்பே செய்யவில்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெளியேதான் இருக்கிறார்கள் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்த வழிகாட்டி தப்பு உறுதியானவர்களைப் பற்றியது. வெறும் புகார் என்றால் முதலில் நடக்க வேண்டியது விசாரணை, அது தனிக் கதை.

அதே தாளில் இன்னொரு வரி சேருங்கள்: அந்த நேரத்தில் எதிரில் இருந்தவரால் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா? சம அந்தஸ்தில் இருந்த சக நடிகரிடம் வரம்பு மீறிப் பேசியதும், முதல் வாய்ப்புக்காகக் காத்திருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கதவைச் சாத்திவிட்டு நடந்துகொண்டதும் ஒரே எடை கிடையாது. பலாத்காரம், குழந்தைகளிடம் அத்துமீறல் என்றால் என்னைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, தாளை மடித்து வைத்துவிடலாம். தண்டனை முடிந்தவர் பிழைக்க வேண்டும்தான், அதற்கு உலகத்தில் வேறு வேலைகள் இருக்கின்றன. இளையவர்கள் அவரை அண்ணாந்து பார்க்கும் இடத்திலேயேதான் பிழைக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

மன்னிப்பை வரி வரியாகப் படியுங்கள்

மன்னிப்பு கேட்டாச்சே என்பார்கள். எப்படிக் கேட்டார் என்று பாருங்கள்.

தொலைக்காட்சித் தொடர் உருவாக்குபவரான டான் ஹார்மன், 2018 ஜனவரியில் தன் பாட்காஸ்டில் ஏழு நிமிஷம்போலப் பேசினார். தன்னிடம் வேலை பார்த்த எழுத்தாளர் மேகன் கேன்ஸ் மீது ஆசைப்பட்டது, அதைத் தனக்குத்தானே மறைத்துக்கொண்டு அவருக்குச் சலுகை காட்டியது, அவர் மறுத்ததும் வேலையில் அவரைப் பழிவாங்கியது என்று படிப்படியாக, தனக்கு அசிங்கமான இடங்களைத் தாண்டிப் போகாமல் சொன்னார். கேன்ஸ் அதை ஏற்றுக்கொண்டு, மன்னிப்பு கேட்பது எப்படி என்பதற்கு இதுதான் பாடம் என்று ஊரறியச் சொன்னார். பாதிக்கப்பட்டவரே "ஆமாம், இதுதான் நடந்தது" என்று தலையாட்டும்படி இருந்தது அந்தப் பேச்சு.

பாடகர் பிளாசிடோ டொமிங்கோ விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்க இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கம் நடத்திய விசாரணை அவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்று 2020 பிப்ரவரியில் சொன்னது. முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்று மன்னிப்பு கேட்டார். இரண்டே நாளில் இன்னொரு அறிக்கை, நான் யாரிடமும் அத்துமீறியதே இல்லை என்கிற தொனியில். ஆகவே மன்னிப்பைப் படித்ததும் தேதி போட்டு எடுத்து வையுங்கள், கொஞ்ச நாள் கழித்து அவர் என்ன பேசுகிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியன் லூயி சி.கே. இந்த இரண்டுக்கும் நடுவில். 2017 நவம்பரில் ஐந்து பெண்கள் அவர் மீது சொன்ன பாலியல் புகார்களை, அவை உண்மை என்று மறுநாளே ஒப்புக்கொண்டார், இனி ஒதுங்கி நின்று நீண்ட காலம் கேட்கப்போகிறேன் என்றார். ஒன்பது மாதம் கழித்து 2018 ஆகஸ்டில் நியூயார்க்கின் காமெடி செல்லார் என்ற கிளப்பின் மேடையில் அறிவிப்பே இல்லாமல் ஏறினார். நீண்ட காலம் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கடிகாரம் போலிருக்கிறது.

கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள்

இதில் நான் சறுக்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருந்த சிறிய நாடகக் குழுவில் ஒரு நடிகரை விசாரணைக்குப் பிறகு நீக்கினோம். எட்டு மாதம் கழித்து அவர் வந்து வருத்தம் தெரிவித்தார், கண் கலங்கினார். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பில் திரும்பச் சேர்த்தோம். புகார் கொடுத்தவர் அதற்குள் குழுவைவிட்டே போயிருந்ததால் இனி யாருக்கும் சங்கடம் இல்லை என்று நினைத்தோம். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் யாருமே கேட்கவில்லை. நாடகத்துக்கு நாடகம் அவரைத் தொட்டு உடை மாட்டிவிட வேண்டியது அந்தப் பெண்தான்.

அடுத்த சில மாதங்களில் அந்தப் பெண்ணிடமிருந்து "அன்னைக்கு முடியாதுண்ணா", "வீட்ல விசேஷம்ணா" என்றே பதில் வந்தது. ஒருநாள் கணக்கு முடிக்க வருகைப் பதிவு நோட்டைப் புரட்டினேன். அந்த நடிகர் இல்லாத நாளெல்லாம் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தது, அவர் இருந்த நாளெல்லாம் கட்டம் காலியாக இருந்தது. எங்கள் பெருந்தன்மைக்கான சம்பளம் அந்தப் பெண்ணின் பையிலிருந்து போயிருக்கிறது.

எனவே தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டம் போட்டு "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். சம்பளம் குறைந்தவர்களிடம் முதலில் கேளுங்கள், காரணம் சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தகவலாவது சொல்லுங்கள், போஸ்டரைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர் மன்னிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், முடிவின் பாரத்தை அவர் தலையில் வைக்கவும் வேண்டாம். அவர் இழந்த வாய்ப்பு ஏதாவது உங்களால் திருப்பிக் கொடுக்கக்கூடியதாக இருந்தால் அதை முதலில் கொடுங்கள். திரும்பி வருகிறவருக்காக இவ்வளவு பேசுகிற நாம், வெளியே போனவருக்கு ஒரு போன்கூடப் போடுவதில்லை.

கொடுப்பதென்றால்

பழைய நாற்காலியைக் கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கலாம், ஆள் எடுக்கிற அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம். புதியவர்களுக்குப் பயிற்சி, மூடிய அறையில் ஒத்திகை, ராத்திரி நேரத் தனிச் சந்திப்பு எதுவும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், மீறினால் அன்றே வேலை முடிந்தது என்பதையும் சேர்த்து. புகார் வாங்குகிறவர் அவருடைய நண்பராகவோ, அவரால் லாபம் அடைகிறவராகவோ இருக்கக் கூடாது. நெருக்கமான காட்சிகள் இருந்தால் அவற்றை மேற்பார்வையிட இன்டிமசி கோஆர்டினேட்டரை வையுங்கள். அமெரிக்க டிவி சேனலான எச்பிஓ 2018-லேயே தன் தொடர்களில் இதை நடைமுறையாக்கிவிட்டது.

பார்வையாளருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சி.கே. திடீரென்று மேடையேறியதில் பலருக்குக் கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம், உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுந்து போக வாய்ப்பே தரப்படவில்லை. பிறகு அந்த கிளப், அறிவிப்பில்லாமல் யாராவது வந்து அது பிடிக்கவில்லையென்றால் சத்தமில்லாமல் கிளம்பலாம், பில் கட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதி வைத்தது.

"அவர மாதிரி இன்னொருத்தர் கிடைக்க மாட்டாரே" என்ற வாதம் கட்டாயம் வரும். புகார்கள் வந்த 2017-ல், எடுத்து முடித்த ஒரு படத்திலிருந்து ஸ்பேஸியை நீக்கிவிட்டு கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து ஒன்பதே நாளில் மறுபடி எடுத்தார்கள். 88 வயதில் பிளம்மருக்கு அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஸ்பேஸி விடுவிக்கப்பட்டது பின்னால் நடந்தது, அதையும் மறக்க வேண்டாம். ஆனால் ஆள் கிடைக்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இல்லை என்று முடிவானால்

நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தேதி ஒத்துவரவில்லை, பட்ஜெட் இல்லை என்று சாக்குச் சொன்னால் ஆறு மாதத்தில் அதே நண்பர் மறுபடி போன் செய்வார். என்ன காரணம், யோசனையை மாற்றுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா இல்லையா என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். யார் ஆட்சேபித்தார்கள் என்று கேட்பார். "நான்தான்" என்று சொல்லுங்கள்.